கப்பலுக்கு முன் மூன்று இரவு: ரோம் வழியாக சிவிதாவெக்கியா

2025 ஜூன் 15, ஞாயிறு – சென்னை: எந்தத் துறைமுகத்தில் ஏறுவது?

மத்தியதரைக் கடலில் ஏழு இரவு சுற்றும் கப்பல் என்றதும் பலரும் முதலில் பார்ப்பது கப்பலின் பெயரையும் அறை விலையையும்தான். எந்த ஊரில் ஏறுவது என்பதை அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டும். எம்.எஸ்.சி., கோஸ்டா என்ற இரண்டு கப்பல் நிறுவனங்களிலுமே பல கப்பல்கள் வாரா வாரம் ஒரே வட்டத்தைச் சுற்றுகின்றன. சிவிதாவெக்கியா, ஜெனோவா, மார்சேய், பார்சிலோனா என்று போகிற வட்டத்தில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் ஏறலாம். எங்கே ஏறினோமோ அங்கேயே ஏழு இரவு கழித்து இறங்கலாம். கப்பலும் பாதையும் மாறுவதில்லை. விமானக் கட்டணமும், ஏறுவதற்கு முன் எந்த நகரத்தைப் பார்க்கிறோம் என்பதும்தான் மாறும்.

விளம்பரத்தில் இருக்கும் ஊர்ப் பெயரை அப்படியே நம்பக் கூடாது. ‘ரோம்’ என்றால் சிவிதாவெக்கியா. ரோமிலிருந்து சாலை வழியே 80 கிலோமீட்டர். ‘ஃப்ளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ, 90 கிலோமீட்டர். ‘லண்டன்’ என்பது சவுத்தாம்ப்டன், 130 கிலோமீட்டர். ‘பாரிஸ்’ என்பது லெ ஹாவ்ர், கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். ‘பெர்லின்’ என்று போட்டிருப்பது பால்டிக் கரையில் இருக்கும் வார்னமுண்டே. அங்கிருந்து பெர்லின் போகவே ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும்.

எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற வைப்பது ‘வெனிஸ்’. 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சான் மார்கோ சதுக்கத்தின் முன்பாகவோ ஜியுதெக்கா கால்வாய் வழியாகவோ போகத் தடை. பெரிய கப்பல்கள் மார்கேராவுக்கும் திரியெஸ்தேவுக்கும் ராவென்னாவுக்கும் போய்விட்டன. ராவென்னாவிலிருந்து வெனிஸ் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ் பயணம். சீட்டில் ‘வெனிஸ்’ என்று இருந்தால், எந்தக் கப்பல்துறை என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே ஓட்டல் போட வேண்டும்.

ஊரோடு ஒட்டிய துறைமுகங்களும் இருக்கின்றன. பார்சிலோனாவில் கொலம்பஸ் தூணிலிருந்து ஒரு பாலத்தைத் தாண்டினால் கப்பல்துறை. பஸ்ஸில் பத்துப் பதினைந்து நிமிடம். விமான நிலையமும் 13 கிலோமீட்டர்தான். ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகம் வரை 2022 அக்டோபர் முதல் மெட்ரோ நேராகப் போகிறது, ஒரு மணி நேரம். ஜெனோவாவில் பியாட்சா பிரின்சிப்பே ரயில் நிலையத்திலிருந்து கப்பலுக்குப் பத்து நிமிட நடை. கையில் ஒரே ஓர் இரவு இருப்பவர்கள் இந்த மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். ரோமுக்கு மூன்று இரவாவது வேண்டும். அது இருந்ததால் ரோம்.

இரவுகளை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்றால், முன்னால்தான். விமானம் தாமதமானாலோ பெட்டி வராமல் போனாலோ அந்த நாட்கள் தாங்கிக்கொள்ளும். கப்பல் யாருக்காகவும் நிற்காது.

விசா: ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக உதவும் ஷெங்கன் விசாவின் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அதிக நாட்கள் எந்த நாட்டிலோ அந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. ரோமில் மூன்று இரவும் வட்டத்தில் இரண்டு இத்தாலியத் துறைமுகமும் இருப்பதால் கணக்கு இத்தாலிக்கே வருகிறது. பாதையில் துனிஸ், துருக்கி, மான்டிநீக்ரோ என்று ஷெங்கனுக்கு வெளியே ஒரு நிறுத்தம் இருந்தாலும் பலமுறை நுழையும் விசா கேட்க வேண்டும். ஒருமுறை விசாவோடு போனால் கப்பல்துறை கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிட இடமுண்டு. ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். கோடையில் நேரம் கிடைப்பது கஷ்டம் என்பதால் அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

அக்டோபர் 7, செவ்வாய் – ஃபியூமிச்சினோவிலிருந்து சான் பியெத்ரோ

ஓட்டலை எங்கே போடுவது என்பதில்தான் இந்தப் பயணத்தின் பாதிச் சுமை குறையும். பெரும்பாலானவர்கள் ரோமின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினியைச் சுற்றித் தங்குகிறார்கள். ஃபியூமிச்சினோ விமான நிலையத்திலிருந்து லியொனார்தோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடத்தில் அங்கே கொண்டுவிடும், 14 யூரோ. சிக்கல் கடைசி நாளில் வரும். சிவிதாவெக்கியா ரயில்கள் டெர்மினியில் பெரும்பாலும் 25-க்கு மேற்பட்ட பிளாட்பாரங்களிலிருந்துதான் கிளம்பும். நிலைய வாசலிலிருந்து அந்தக் கோடிக்குப் பெட்டியோடு பத்து நிமிடம் நடக்க வேண்டும்.

அதே ரயில்கள் ஓஸ்தியென்சே, ட்ராஸ்தெவெரே, சான் பியெத்ரோ நிலையங்களிலும் நின்று போகும். விமான நிலையத்திலிருந்து எஃப்.எல்.1 என்ற சாதாரண ரயில் 8 யூரோவுக்கு அரை மணியில் ட்ராஸ்தெவெரே வரும்; அது டெர்மினிக்குப் போகாது. ட்ராஸ்தெவெரேயில் சிவிதாவெக்கியா ரயிலுக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் சான் பியெத்ரோ. அங்கே தங்கினால் புனித பேதுரு பேராலயம் கால்மணி நடை. வெள்ளிக்கிழமை அதே நிலையத்தில் ஏறினால் நேராகக் கப்பல் ஊர். விமான நிலையத்தையும் கப்பலையும் இணைக்கும் ரயில் பாதையின்மேலேயே படுக்கை இருக்க வேண்டும். ரோமுக்கு இதைவிட நல்ல யோசனை இல்லை.

மூன்று நான்கு பேராக, பெரிய பெட்டிகளோடு வந்தால் டாக்சியே மலிவு. விமான நிலையத்திலிருந்து பழைய நகரச் சுவருக்குள் எங்கே போனாலும் நிர்ணயித்த கட்டணம், காருக்கு 55 யூரோ, பெட்டிக்குத் தனியாக இல்லை. வெள்ளை நிற கார், கூரையில் ‘டாக்சி’ பலகை, கதவில் நகராட்சி முத்திரை. வருகைக் கூடத்தில் வந்து காதோரம் ‘டாக்சி, டாக்சி’ என்பவர்கள் யாரும் அந்தக் காரின் ஓட்டுநர் அல்ல.

ட்ராஸ்தெவெரேயில் ஒரு சின்னத் தடங்கல். நகர எல்லைக்குள் ரயிலுக்கும் ஒன்றரை யூரோ நகர டிக்கெட்டே போதும். ஆனால் காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்துப் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் இல்லாத டிக்கெட்டுக்குச் சமம். அபராதம் 50 யூரோவைத் தாண்டும். ரயில் வந்து நிற்கிறது, டிக்கெட் குத்தாமல் கையில் இருக்கிறது. காய்கறிப் பையோடு நின்ற ஒரு பாட்டி, “திம்ப்ராரே, திம்ப்ராரே” என்று சொல்லிக்கொண்டே டிக்கெட்டைக் கையிலிருந்து வாங்கி, தானே போய்க் குத்திக்கொண்டு வந்தார். கதவு மூடாமல் இருக்கத் தன் பையை வாசலில் வைத்துவிட்டுப் போனார். நன்றி சொல்வதற்குள் உட்கார இடம் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

ஓட்டலில் பாஸ்போர்ட்டைப் பதிவுக்கு வாங்கிக்கொள்வார்கள். நகர வரி தனி: மூன்று நட்சத்திர ஓட்டல் என்றால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ. முன்பதிவுத் தொகையில் இது சேராது. இரண்டு பேர் மூன்று இரவுக்கு 36 யூரோ, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை ஆறே முக்காலுக்கு முன்பே பொழுது சாய்ந்துவிட்டது, காற்றில் லேசான குளிர். இரவு உணவகங்கள் ஏழரைக்கு முன்னால் அடுப்பு மூட்டுவதில்லை. பசி தாங்காதவர்களுக்கு வெட்டுப் பிட்சா கடை இருக்கிறது. நீளமான தட்டிலிருந்து கத்தரியால் வெட்டி, எடை போட்டு விற்பார்கள். பலகையில் எழுதியிருக்கும் விலை கிலோவுக்கா, ‘எத்தோ’ எனப்படும் நூறு கிராமுக்கா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதை விரல் இடைவெளியால் காட்டினால் போதும். சைவர்களுக்கு உருளைக்கிழங்கு–ரோஸ்மேரி, சீமைச் சுரைக்காய், வெறும் தக்காளி–பூண்டு–ஓரிகானோ போட்ட ‘மரினாரா’. கண்ணாடிப் பெட்டியில் உருண்டையாக இருக்கும் ‘சுப்ளி’, அரிசியும் தக்காளியும் நடுவில் பாலாடைக்கட்டியும் வைத்துப் பொரித்தது. நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும், ஆனால் பல கடைகளில் அந்தத் தக்காளிச் சாறிலேயே இறைச்சி இருக்கிறது. “சென்சா கார்னே?” (இறைச்சி இல்லாததா?) என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

அக்டோபர் 8, புதன் – கொலோசியம், மழை, பாந்தியோன்

ரோமில் எந்த நாளில் எதைப் பார்ப்பது என்பதற்குக் கிழமைக் கணக்கு உண்டு. புதன் காலை போப்பின் பொதுச் சந்திப்பு. சதுக்கம் நிறைந்திருக்கும், பேராலயம் மதியம் வரை திறக்காது. ஞாயிறு வத்திக்கான் அருங்காட்சியகம் மூடல். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசம், அன்று கூட்டம் தெருவைச் சுற்றி நிற்கும். திங்கள் போர்கேசே கலைக்கூடம் மூடல். அதனால் புதன் பழைய ரோமுக்கு, வியாழன் வத்திக்கானுக்கு.

சான் பியெத்ரோ நிலைய வாசலிலிருந்து 64-ஆம் எண் பஸ். ரோமில் ஜேப்படிக்குப் பேர் போன பஸ்ஸும் இதுதான். பையை முன்பக்கம் மாட்டி, போனை உள்பையில் வைத்து, கதவோரம் நிற்காமல் இருந்தால் போதும். ஏறியதும் வங்கி அட்டையைத் தட்டிப் பயணிக்கலாம், ஆனால் ஒரு அட்டைக்கு ஒருவர்தான். இரண்டு பேருக்கு ஒரே அட்டையை இரண்டு முறை தட்டினால் இரண்டாமவருக்கு டிக்கெட் இல்லை. பியாட்சா வெனெசியாவில் இறங்கி, பழைய ரோமின் பொதுச் சதுக்கங்களான மன்றங்களுக்கு (ஃபோரம்) நடுவே போகும் அகலச் சாலையில் கால்மணி நடந்தால் கொலோசியம்.

டிக்கெட் 18 யூரோ. அதில் கொலோசியத்துக்கு நேரம் குறித்த நுழைவும், மன்றமும் பாலட்டைன் குன்றும் அடக்கம். அரசின் தளத்தில் பெரும்பாலான டிக்கெட்டுகள் 30 நாள் முன்னதாகத் திறக்கின்றன. அதாவது அக்டோபர் 8-க்குச் செப்டம்பர் 8 அன்று கணினி முன் உட்கார வேண்டும். நிலவறையும் சேர்ந்த 24 யூரோ டிக்கெட் சில நிமிடங்களில் போய்விடும். டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். அச்சான பெயரில் ஓர் எழுத்து முன்பின் இருந்தால் அப்போதே திருத்திக்கொள்ள வேண்டும். கண்ணாடிப் பாட்டில், பெரிய பை அனுமதி இல்லை. காலை எட்டரை நுழைவை எடுத்தால் பத்து மணிக்குக் குழுக்கள் வந்து நிறைவதற்கு முன்னால் மேல் தளத்தில் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

தண்ணீர் வாங்க வேண்டியதில்லை. தெருவெங்கும் ‘நசோனி’ என்ற இரும்புக் குழாய்கள், நகரம் முழுக்க இரண்டாயிரத்துக்கு மேல். நாள் முழுதும் குளிர்ந்த குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் மூக்கு நுனியை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் துளை வழியாகத் தண்ணீர் வளைந்து எழும், பாத்திரம் இல்லாமலே குடிக்கலாம். மன்றத்து வாசலில் ஒரு பள்ளிச் சிறுவன் வெளிநாட்டுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் இதைச் செய்து காட்டிக்கொண்டு நின்றான்.

திரும்பும் வழியில் ரோமப் பேரரசர் டிரேஜனின் தூண். கி.பி. 113-இல் எழுப்பியது, அவர் நடத்திய டேசியப் போர்களின் காட்சிகள் அடியிலிருந்து உச்சி வரை கல்லில் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. கப்பல் ஏறப் போகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை நாம் போகும் துறைமுகத்தை அமைத்தவரும் இந்த டிரேஜன்தான். அப்போது அதன் பெயர் செந்தும்செல்லே. அது கட்டப்படும்போது அங்கே விருந்தாளியாக இருந்த ரோம எழுத்தாளர் இளைய பிளினி ஒரு கடிதத்தில் வர்ணித்திருக்கிறார். பெரும் பாறைகளைப் படகில் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கடலில் கொட்ட, துறைமுக வாய்க்கு எதிரே ஒரு தீவு மெல்ல எழுகிறது. அலை அதில் மோதி வெண்மையாக உடைகிறது. இன்று அலைதடுப்புச் சுவர் கட்டுவதும் ஏறக்குறைய இதே வழியில்தான்.

இரண்டு மணிக்கு மழை பிடித்தது. முதல் துளி விழுந்த இரண்டாவது நிமிடம் குடை விற்பவர்கள் ஒவ்வொரு முனையிலும். பெரும்பாலும் வங்கதேசத்து இளைஞர்கள், இந்தியில் விலை சொல்கிறார்கள், ஐந்து யூரோ. மழைக்கு முன்னால் அதே கைகளில் போன் தாங்கிகள் இருந்தன. ரோமின் தெருக்கள் சாம்பியெத்ரீனி என்ற சதுரக் கருங்கல் பாவியவை. நனைந்தால் வழுக்கும், காய்ந்திருந்தால் பெட்டிச் சக்கரத்தைத் தின்னும். தேய்ந்த அடிப்பாகம் உள்ள செருப்பை ஊரிலேயே விட்டுவிட வேண்டும்.

மழை நாளில் போக வேண்டிய இடம் பாந்தியோன் என்ற பழைய ரோமக் கோயில். நுழைவு 5 யூரோ. கூரை நடுவே திறந்திருக்கும் வட்டத்தின் வழியாக மழை நேராக உள்ளே பெய்கிறது. 43 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் வந்து விழுகிறது. நடுவில் கயிறு கட்டிவிடுகிறார்கள். தரை லேசாகக் குவிந்த வடிவம், அதில் 22 துளைகள். தண்ணீர் தேங்காமல் இறங்கிப் போகிறது. பேரரசர் ஹேட்ரியன் காலத்து வடிகால், இன்றும் வேலை செய்கிறது. வெயில் நாளில் பார்த்தவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

மதிய உணவு ஒன்றிலிருந்து மூன்று வரை. அதற்குப் பிறகு நல்ல உணவகங்கள் ஏழு, ஏழரை வரை மூடியிருக்கும். நடுவில் திறந்திருப்பவை பெரும்பாலும் படம் போட்ட அட்டையோடு வாசலில் ஆள் நிறுத்தி அழைக்கும் கடைகள். அவற்றைத் தாண்டிப் போய்விடுங்கள். காச்சோ எ பேப்பே, மிளகும் செம்மறியாட்டுப் பாலின் பாலாடைக்கட்டியும் மட்டும் போட்ட பாஸ்தா, 12 யூரோ. மிளகை வறுத்துப் பொடித்திருக்கும் வாசனையே பாதி உணவு. பில்லில் ரொட்டிக்கு ஒன்றரை, இரண்டு யூரோ தனியாக வரும், தவறல்ல. வேண்டாம் என்றால் வைத்த உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒன்றேகால், ஒன்றரை யூரோ. மேசையில் உட்கார்ந்தால் அதே காப்பி இரண்டு மடங்கு, பேர் பெற்ற சதுக்கங்களில் அதற்கும் மேல்.

அக்டோபர் 9, வியாழன் – வத்திக்கானில் ஒரு துறைமுகச் சுவர்

2025 கத்தோலிக்கர்களின் புனித ஆண்டாக இருந்தது, 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. நதிக்கரையிலிருந்து பேராலயம் வரை யாத்திரைக் குழுக்கள், முன்னால் ஒருவர் மரச் சிலுவை தாங்க, பாடிக்கொண்டே நடந்தன. அவர்களுக்குத் தனிப் பாதை இருந்தது. தடுப்பைத் தாண்டிக் குறுக்கே போக முயன்றவர்களைத் தன்னார்வலர்கள் பொறுமையாகத் திருப்பி அனுப்பினார்கள், நேரம் போனது.

அருங்காட்சியக வாசல் பேராலயத்தின் பக்கத்தில் இல்லை. மதிலைச் சுற்றி வடக்குப் பக்கம் போக வேண்டும், சதுக்கத்திலிருந்து கால்மணி நேரம். ஒன்பது மணி டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஒன்பது மணிக்குச் சதுக்கத்தில் வந்து நிற்பவர்களைக் காலையில் மட்டும் நிறையப் பார்த்தோம். டிக்கெட் 20 யூரோ, இணைய முன்பதிவுக்கு 5. காலை எட்டு மணி நுழைவே சிறந்தது.

எல்லோரும் சிஸ்டைன் கூடத்தை நோக்கி விரைகிறார்கள். வழியில் இருக்கும் வரைபடக் கூடத்தில் ஒரு மணி நேரம் நிற்கலாம். 120 மீட்டர் நீளம், சுவரில் இத்தாலியின் பகுதிகள் 40 வரைபடங்களாக. பதின்மூன்றாம் கிரகரி போப்புக்காக இஞாசியோ தாந்தி 1580-களின் தொடக்கத்தில் செய்தது. நடக்கும் பாதைதான் அப்பெனைன் மலைத்தொடர். ஒரு பக்கம் மேற்குக் கடல், மறுபக்கம் அட்ரியாட்டிக். கூடத்தின் கோடியில் அக்காலத்தின் பெரிய துறைமுகங்கள் தனியாக வரையப்பட்டிருக்கின்றன: வெனிஸ், அங்கோனா, ஜெனோவா, சிவிதாவெக்கியா. நாலரை நூற்றாண்டுக்குப் பிறகும் கப்பல் நிறுவனங்கள் இத்தாலியில் ஆள் ஏற்றும் ஊர்ப் பட்டியலில் இந்த நான்கும் இருக்கின்றன. சிவிதாவெக்கியாவின் நான்கு மூலைக் கோட்டை அதில் தெளிவாகத் தெரிகிறது. நாளைக்குப் பார்க்கப் போகும் இடத்தை இன்றைக்கே சுவரில் பார்த்தாயிற்று.

சிஸ்டைன் கூடத்தில் படம் எடுக்கக் கூடாது, பேசவும் கூடாது. சுவரோர பெஞ்சில் யாராவது எழும் வரை காத்திருந்து உட்கார்ந்துவிட்டால் கழுத்து தப்பிக்கும். பேராலயத்துக்குத் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். சேலை, வேட்டிக்குத் தடையில்லை. குவிமாடம் ஏற 551 படி. லிஃப்ட் எடுத்தாலும் 320 படி மிச்சம் இருக்கும். கடைசிப் பகுதியில் சுவரே சாய்ந்து வரும், வழி ஒரு ஆள் அகலம், நடுவில் திரும்ப முடியாது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருப்பது நல்லது.

ஐஸ்கிரீம் வாங்கும்போது ஒரு குறிப்பு. பிஸ்தா கண்ணைப் பறிக்கும் பச்சையாக, மலை மாதிரி குவித்து வைத்திருந்தால் வேறு கடை பாருங்கள். மூடி போட்ட உலோகக் குவளையிலிருந்து எடுத்துக் கொடுப்பவர்கள், பிஸ்தா பழுப்புப் பச்சையாக இருப்பவர்கள் நல்லவர்கள். சிறியது மூன்று யூரோ.

இரவு செய்ய வேண்டியவை சில உண்டு. முதலாவது, வேலைநிறுத்தம். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும், வெள்ளிக்கிழமைகளில் அடிக்கடி. போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் தேதிவாரியாகப் பட்டியல் இருக்கும். தேட வேண்டிய சொல் ‘ஷோப்பெரோ’. அப்படியே வந்தாலும் வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் அத்தியாவசிய ரயில்கள் ஓடும். கப்பல் நாளில் வேலைநிறுத்தம் விழுந்தால் காலை எட்டு மணி ரயிலில் ஏறி, பெட்டியைக் கொடுத்துவிட்டு அந்த ஊரில் காத்திருப்பதுதான் வழி. ரோமிலிருந்து துறைமுகத்துக்கு டாக்சி 130, 150 யூரோ ஆகும்.

அடுத்து, பெட்டி. கப்பல் நிறுவனம் அனுப்பிய அடையாளச் சீட்டை அச்சடித்து மடித்து, கைப்பிடியைச் சுற்றி ஸ்டேப்ளர் அடித்து, மேலே ஒளிபுகும் டேப் ஒட்டுங்கள். மழையில் நனைந்த சீட்டு துறைமுகத்தில் கிழியும். துறைமுகத்தில் கொடுக்கும் பெட்டி அறைக்கு வந்து சேர மாலை ஆகும், சில நாள் இரவு ஒன்பது. மாத்திரை, பாஸ்போர்ட், சார்ஜர், ஒரு மாற்றுத் துணி கைப்பையில் இருக்க வேண்டும். துணி சூடாக்கும் இஸ்திரிப் பெட்டியையும் நீர் கொதிக்க வைக்கும் கெட்டிலையும் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். சாதக் குக்கர் கொண்டுவருபவர்களுக்கும் அதேதான்.

அக்டோபர் 10, வெள்ளி – சிவிதாவெக்கியா

டிக்கெட் 4.60 யூரோ. முந்திய மாலையே ‘டி’ எழுத்துப் பலகை போட்ட புகையிலைக் கடையிலோ நிலைய இயந்திரத்திலோ வாங்கிவிடலாம். போனில் வாங்கினால் ஏறுவதற்கு முன் ‘செக்-இன்’ பொத்தானை அழுத்தினால்தான் செல்லும். ஒன்பதே கால் வாக்கில் ரயில். டெர்மினியில் ஏறியவர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள். பெட்டிகள் வாசலோரம் மலையாகக் கிடக்கும். நடுப் பெட்டிகளைவிடக் கடைசிப் பெட்டிகளில் இடம் இருந்தது. இடப்பக்கம் உட்கார முடிந்தால் சான்தா செவேரா கோட்டையும் சான்தா மரினெல்லாவின் கடலும் ஜன்னலில் வரும். ஐம்பது நிமிடம்.

இறங்கியதும் இன்றைய தடங்கல். பிளாட்பாரத்திலிருந்து வெளியேறச் சுரங்கப்பாதை, லிஃப்ட் வேலை செய்யவில்லை. இருநூறு பேர், முந்நூறு பெட்டி, ஒரே படிக்கட்டு. ரயில் ஊழியர் ஒருவர் நடுவில் நின்று, வயதானவர்களை ஓரமாக நிறுத்தி, கூட்டம் இறங்கிய பிறகு போகச் சொன்னார். இரண்டு கல்லூரிப் பையன்கள் யாரும் கேட்காமலே மேலும் கீழும் ஏறி இறங்கிப் பெட்டி தூக்கினார்கள். ஒருவர் நோட்டை நீட்ட, கையை நெஞ்சில் வைத்து மறுத்துவிட்டார்கள். பத்து நிமிடம்தான் போனது. ஆனால் ஒரு கையால் தூக்கிப் படி ஏற முடியாத பெட்டியை ஐரோப்பாவுக்குக் கொண்டுவரக் கூடாது.

நிலையத்திலிருந்து கப்பலுக்கு நேராக நடக்க முடியாது. ‘லார்கோ தெல்லா பாச்சே’ என்ற இடத்துக்கு முதலில் போக வேண்டும். நிலைய வாசலில் பஸ் இருக்கிறது. நடந்தால் கடலோரமாக இருபது, இருபத்தைந்து நிமிடம். அங்கிருந்து ஒவ்வொரு கப்பலுக்கும் துறைமுக பஸ், இலவசம். பஸ்ஸின் முன்கண்ணாடியில் கப்பலின் பெயர் இருக்கும். ஒரே நாளில் நாலைந்து கப்பல் நிற்பதால் பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள். நிலைய வாசலில் நிற்கும் கார்க்காரர்களிடம் போவதென்றால் தொகையை முதலில் பேசி, ஆளுக்கா காருக்கா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏறும் நேரச் சீட்டு ஒரு மணிக்கு. அதற்கு முன் பெட்டியைக் கப்பல்துறையில் கொடுத்துவிட்டு, அதே இலவச பஸ்ஸில் திரும்பி ஊருக்குள் வரலாம். பலருக்கு இது தெரிவதில்லை. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். கரையோரக் கோட்டையை மைக்கேலாஞ்சலோ கோட்டை என்கிறார்கள். உண்மையில் இரண்டாம் ஜூலியஸ் போப்புக்காக 1508-இல் தொடங்கியவர் பிரமாந்தே. உள் கோபுரத்தின் எண்கோண மேல்பகுதியைத்தான் மைக்கேலாஞ்சலோவோடு சேர்த்துச் சொல்கிறார்கள். நேற்றுச் சுவரில் பார்த்த அதே நான்கு மூலை. ஊருக்குள் ஒரு சாமுராய் சிலையும் உண்டு: ஹசேகுரா சுனெநாகா, ஜப்பானிலிருந்து போப்பைப் பார்க்கத் தூது வந்து 1615-இல் இங்கேதான் கரையேறினார்.

மதியம் சந்தைத் தெருவில் உப்பும் எண்ணெயும் மட்டும் போட்ட பிட்சா பியாங்கா, வதக்கிய கீரை வைத்து, நான்கு யூரோ. கடைக்காரம்மா கப்பல் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு, ஆறு என்றதும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நாலு என்றிருந்தால் பொட்டலம் கட்டியிருப்பாராம்.

புறப்படும் நேரத்துக்கு ஒரு மணிக்கும் மேல் முன்பாகவே ஏறும் வாசலை மூடிவிடுவார்கள். ஆறு மணிக் கப்பல் என்றால் நான்கு மணியைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. கவுன்டரில் பாஸ்போர்ட்டையும் விசாப் பக்கத்தையும் தாள் தாளாகப் பார்க்கிறார்கள். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள். முதல் பக்கத்தின் நகலும் விசாவின் நகலும் கையில் இருக்கட்டும். பெட்டி இரவு எட்டேகாலுக்கு அறை வாசலில் இருந்தது. சீட்டு கிழியவில்லை.

அக்டோபர் 11, சனி – ஜெனோவா

காலை எட்டு மணிக்குக் கரை. பிரின்சிப்பே நிலையத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெட்டியை உருட்டிக்கொண்டு இறக்கத்தில் நடந்தே வருகிறார்கள். மிலானிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேர ரயில், பஸ்ஸும் டாக்சியும் தேவையில்லை. மிலானில் மூன்று இரவு தங்கி இங்கே ஏறுவதும் நல்ல கணக்கு. தேர் மாதிரியான மிலான் பேராலயத்தின் கூரையில் நடக்க ஆசை இருப்பவர்களுக்கு அதுவே முதல் கணக்கு. மதிய உணவுக் கூடத்தில் பாதிப் பேர் இறங்கத் தயாராகச் சீட்டு ஒட்டிய பெட்டிகளோடு, பாதிப் பேர் வழி கேட்டுக்கொண்டு. மாலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கி: ஜெனோவாவில் ஏறியவர்கள் மட்டும் உயிர்காப்புப் பயிற்சிக்கு வரவும்.